சில சமயம்

சீருடையைக் கழற்ற நேரமில்லை.
தோளில் டிக்கெட் மிஷின்,
ரோஸ்ஹில் – போர்ட் லூயி காலை ட்ரிப்பின் சில்லறை
பைக்குள் இன்னும் சூடாக.
போ பாசேன் குழந்தைகள் மையம், இரண்டாம் மாடி.
சுபாஷ்ணி மேசைக்கு அடியில்.

மிஸ் ஒரேலி ஒரு டேப்லெட் நீட்டினாள்.
அறுபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வட்டம்:
எப்போதும், அடிக்கடி, சில சமயம், அரிதாக, ஒருபோதும் இல்லை.
தொட்டால் போதும்,
மீதியை அதுவே கணக்குப் போடுமாம்.

பெருஞ்சத்தம் கேட்டால் குழந்தை காதைப் பொத்துகிறதா?

பிரெஞ்சில் கேட்கிறது, கிரியோலில் யோசிக்கிறேன்.
எது பெருஞ்சத்தம்?
காவடியன்று கோர் த கார்ட் மலையடியில்
மேளக்காரரை ஒட்டி நின்று
அதிரும் தோலில் வயிற்றைச் சாய்த்துச் சிரித்தவள் இவள்.
வீட்டு டியூப் லைட் என்னவோ முனகுகிறது போல,
என் காதுக்கு எட்டவில்லை,
அதைப் போட்டாலே தலையைச் சுவரில் மோதுவாள்.
மூன்று வருஷமாக
இருட்டில்தான் சாப்பிடுகிறோம்.
சில சமயம்.

உடையின் லேபிள் உறுத்துகிறதா?
எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன்.
வெட்டிய இடம் உறுத்துகிறது.
எப்போதும்.

சில உணவுகளை மறுக்கிறதா?
தால்பூரியைச் சுருட்டிக் கொடுத்தால் தொடமாட்டாள்.
அதையே பிரித்துப் போட்டால்
விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி
நடுவில் ஒரு ரூபாய் அளவு மிச்சம் வைத்துத் தின்பாள்.
மறுப்பதா இது? அடிக்கடி என்று போட்டேன்,
பிறகு மாற்றினேன். சில சமயம்.

பேருந்தில் செல்லும்போது கலக்கம் அடைகிறதா?

விரல் நின்றுவிட்டது.
அங்கே மணி அடிப்பது நான்.
உள்ளே போங்க, உள்ளே போங்க என்று கத்துவது நான்.
அவளை ஏற்றிக்கொண்ட அந்த ஒரே நாள்
கொரமாண்டல் வரும் முன்பே இருவரும் இறங்கிவிட்டோம்.
பயணிகளை நடுவழியில் விட்டுவிட்டு
இறங்கிப்போன கண்டக்டர் என்று
எனக்கு ஒரு மெமோ இருக்கிறது.
ரெண்டு போட்டால் சரியாகும் என்றவருக்கு
அதற்கு முன்புதான் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்திருந்தேன்.

அறுபதும் முடிந்தது.
திரையில் ஒரு சிலந்திவலை, பாதி சிவப்பு.
"சத்தம் பற்றிய பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை" என்றது கீழே ஒரு வரி.
எனக்கே தெரியுமே அது.

அடுத்தது குழந்தைக்கான விளையாட்டு.
குமிழி உடையும், ஒவ்வொன்றும் முந்தியதைவிட உரக்க.
மிஸ் ஒரேலி குனிந்து
டேப்லெட்டைத் தரையில் தள்ளிவிட்டாள்.

சுபாஷ்ணி குமிழியைப் பார்க்கவேயில்லை.
ஓரத்துப் பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து
சத்தம் சாகும்வரை அழுத்தினாள்.
பிறகு வெளிச்சத்தை இழுத்துக் குறைத்தாள்,
குறைத்தாள்,
திரை ராத்திரி ஆகும்வரை.

பதிவு இல்லை. மீண்டும் முயலவும்.

மிஸ் ஒரேலி மீண்டும் முயலவில்லை.
பேனாவை எடுத்தாள், வைத்தாள்,
கூரையை நிமிர்ந்து பார்த்தாள்.
எழுந்துபோய் ஸ்விட்சை அணைத்தாள்.

ஏதோ ஒன்று நின்றது.
நின்ற பிறகுதான்
இவ்வளவு நேரம் அது இருந்தது எனக்குத் தெரிந்தது.

மேசைக்கு அடியிலிருந்து முதலில் ஒரு கை,
பிறகு அவள்.
நேராக என் தோளுக்கு வந்து
மிஷினைத் தாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.
அடிச்சேன்.
தாள் வெளிவரும்போது ஒரு ட்ர்ர்ர் வருமே,
எலும்புக்குள் போகும் அது.
கண்ணை மூடினாள். இன்னொன்று, என்று என் விரலைத் தட்டினாள்.

கடைசிப் பெட்டியில்
'வேறு ஏதேனும், இருநூறு எழுத்துக்குள்' என்று இருந்தது.
நான் நிரப்பவில்லை, கை ஓயவில்லை.

பதினோரு டிக்கெட்.
போ பாசேனில் ஏறி போ பாசேனில் இறங்க.
சாயங்காலம் டிப்போவில்
என் கைக்காசைப் போட்டுத்தான் கணக்கை மூடணும்.